வெள்ளிக்கிழமை நண்டு

மருமகனின் மீன்கடையில் எனக்கென்று ஒரு முக்காலி உண்டு. கதவுக்கு உள்ளே, இடது கைப்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அருகில். காலை ஒன்பது மணிக்கு மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ நிலையத்திலிருந்து நடந்து வந்து, ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் திரும்பிக் கடைக்குள் நுழைந்தால், மத்தியானம் வரை நண்டு துப்புரவாக்குவதுதான் என் வேலை. யாரும் என்னை வேலைக்கு வைக்கவில்லை. நானாகவே வந்து இருந்துகொண்டேன். வீட்டில் இருந்தால் தொலைக்காட்சியில் அழுகிற பெண்களைப் பார்க்க வேண்டும். இங்கே சிரிக்கிற பெண்களைப் பார்க்கலாம்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்ற அவளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன். ஆனால் மற்றவர்கள் சொன்னதில் ஒரு எழுத்தும் மாறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மாற்றினால் அவர்கள் கடைக்கு வந்து என்னோடுதான் சண்டை பிடிப்பார்கள்.

பரிஸில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் பெரிய கடைகள் நிறைய இருக்கின்றன. அங்கே உறைந்த நண்டு மலை மாதிரிக் கிடக்கும். எங்கள் கடை ஒடுங்கியது. இரண்டு பேர் குடையோடு வந்தால் மூன்றாவது ஆள் வெளியில் நிற்க வேண்டும். அப்படியிருந்தும் சனம் வருவது ஒரே ஒரு காரணத்துக்காக. எங்களிடம் நண்டு உயிரோடு இருக்கும். அது அயர்லாந்திலிருந்து வருகிறது. நடுவில் ஒரு முறை அது வராமலே போகப் பார்த்தது. அது போயிருந்தால் கடையும் போயிருக்கும், முக்காலியும் போயிருக்கும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் நண்டைச் சொல்கிறேன். மருமகன் இந்தக் கடையைத் தொடங்கிய காலத்தில், ஒரு நாள் ஈரச் சாக்குப் போட்டு மூடிய பெட்டி ஒன்று வந்தது. சாக்கைத் தூக்கினேன். உள்ளங்கையளவு நண்டுகள். கண் செக்கச்செவேலென்று இருந்தது. முதுகில் வெல்வெற் துணி மாதிரி மெல்லிய மயிர். காலில் நீலக் கோடு. பின்னங்காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். துடுப்பு! கடைசிக் கால் துடுப்பு மாதிரித் தட்டையாக இருந்தது. நான் கடற்கரையில் பிறந்தவள். துடுப்புக்கால் இருந்தால் அது நீந்துகிற நண்டு, நீந்துகிற நண்டென்றால் சதை இனிக்கும் என்பது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர் அதை எத்ரீ என்கிறார்கள். நான் அதைச் செங்கண்ணன் என்கிறேன். இப்போது கடைக்கு வருகிறவர்களும் "அம்மா, செங்கண்ணன் கிடக்கோ?" என்றுதான் கேட்கிறார்கள்.

அந்த நண்டை அனுப்புகிறவர் ஒரு அயர்லாந்துப் பெண். புருசன் சின்னப் படகில் போய்க் கூடு இறக்கி நண்டு பிடிக்கிறார். அந்தப் பெண் கரையில் நின்று தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி, தொலைபேசியில் வியாபாரம் பேசுகிறார். மருமகன் பரிஸுக்கு வரும் முன் ஆறு வருசம் லண்டனில் மீன் சந்தையில் வேலை செய்தவர். அந்தப் பழக்கத்தில்தான் இந்தப் பெண்ணின் இலக்கம் கிடைத்தது. இரண்டு பேரும் ஆங்கிலத்தில் நீட்டி நீட்டிக் கதைப்பார்கள். எனக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் பாதி நேரம் லண்டனைத் திட்டுகிறார்கள் என்பது குரலிலேயே தெரியும்.

அந்த நாட்களில் நண்டு லொறி அயர்லாந்தில் கப்பல் ஏறும். பிரித்தானியாவில் இறங்கி, அந்த நாட்டை ஒரே ஓட்டமாகக் குறுக்கறுத்து, மறுபடி கடல் தாண்டிக் கலேயில் இறங்கும். சனிக்கிழமை விடிய எங்கள் கடை வாசலில் நிற்கும். சனியும் ஞாயிறும்தான் லாச்சப்பலில் சனம் குவிகிற நாள். பத்து மணிக்குப் பெட்டி வெறுமையாகிவிடும். அப்படியே போய்க்கொண்டிருந்தது. பிறகு பிரித்தானியா ஐரோப்பாவை விட்டு வெளியே போனது. பிரெக்ஸிட், பிரெக்ஸிட் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது ஏதோ மருந்தின் பெயர் மாதிரி இருந்தது.

"அவங்கள் போனால் போகட்டும், எங்களுக்கென்ன தம்பி?" என்று மருமகனிடம் கேட்டேன்.

"மாமி, இஞ்சை வாங்கோ, காட்டுறன்" என்றார். ஐஸ் தட்டில் ஒரு கணவாயை எடுத்து அந்தக் கரையில் வைத்தார். "இது அயர்லாந்து." ஒரு பெரிய விளைமீனை நடுவில் வைத்தார். "இது பிரித்தானியா." தட்டின் இந்தக் கரையைத் தட்டினார். "இது நாங்கள். நண்டு இதிலையிருந்து இதுக்கு வர, நடுவிலை இவரைத் தாண்டவேணும். முந்தி இவர் எங்கடை ஆள். கேக்காமல் விடுவார். இப்ப இவர் வெளி ஆள். உள்ளை வரவும் கடுதாசி, வெளியிலை போகவும் கடுதாசி. லொறி வரிசையிலை நிக்கும். நிண்டால் நண்டு சாகும்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்தார். "உந்த விளைமீனைத் தாங்கோ" என்றார். மருமகன் பிரித்தானியாவைத் தூக்கி நிறுத்து, செதில் எடுத்து, பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். தட்டின் நடுவில் ஐஸ் மட்டும் இருந்தது.

"இப்ப விளங்குதோ மாமி?" என்றார். "இனி நடுவிலை ஆளில்லை. நேரை வரவேணும்."

எனக்கு நன்றாக விளங்கியது. என் தங்கை லண்டனில் இருக்கிறாள். அவளுக்கும் விளங்கியது, ஆனால் கொஞ்சம் பிந்தி. அவள் என்னைப் பார்க்க பஸ்ஸில் வந்தபோது, வழக்கம் போல ஒரு பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ் பொரித்துக் கொண்டு வந்தாள். கலேயில் சுங்கக்காரர் பெட்டியைத் திறந்து, இறைச்சி கொண்டுவர ஏலாது என்று சொல்லிவிட்டார். முந்தி இருபது வருசம் கொண்டுவந்தவள். "அப்ப கொண்டு போகேல்லை, இஞ்சையே சாப்பிடுறன்" என்று சொல்லி அவர் முன்னாலேயே நின்று நாலு ரோல்ஸ் சாப்பிட்டாளாம். ஐந்தாவதை அவருக்கு நீட்டினாளாம். அவர் சிரித்துக்கொண்டு வேண்டாமென்றாராம். மிச்சம் குப்பைக்குப் போனது. பரிஸில் வந்து இறங்கும்போது அவள் முகத்தில் துக்கமும் ஏப்பமும் ஒன்றாக இருந்தன.

நண்டுக்கு வருகிறேன். அயர்லாந்துக்காரரும் மருமகன் சொன்னதைத்தான் செய்தார்கள். ரோஸ்லேர் என்றொரு துறைமுகம் அங்கே இருக்கிறதாம். முன்பு அதில் அவ்வளவு சந்தடி இல்லையாம். இப்போது அங்கிருந்து பிரித்தானியாவைத் தொடாமல், நேரே பிரான்ஸில் ஷெர்பூருக்குக் கப்பல்கள் வருகின்றன. கடலில் நேரம் கூடத்தான் செல்லும். ஆனால் கரையில் மறிக்கிற ஆள் இல்லை. சாரதிமார் கப்பலில் சாப்பிட்டு, குளித்து, நித்திரை கொண்டு வருகிறார்கள். எங்களுக்கு நண்டு கொண்டுவருகிற சாரதி முந்தி முள்ளம்பன்றி மாதிரி வந்து இறங்குவார். இப்போது தலை சீவி, வாசனைத் தைலம் போட்டு வருகிறார். நண்டும் நல்லாக வந்தது. ஒரே ஒரு சிக்கல்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது.

அந்த லொறியில் எங்கள் பெட்டி மட்டும் இல்லை. பிரெஞ்சுக் கடைகளுக்கும், பள்ளிக்கூடச் சமையலறைகளுக்கும் போகிற மீனும் வருகிறது. பிரெஞ்சுக்காரருக்கு வெள்ளிக்கிழமைதான் மீன் நாள். கோயிலுக்குப் போகாதவன்கூட வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடுவான். அதனால் அந்த லொறி புதன்கிழமை கப்பலேறி, வியாழன் ஷெர்பூரில் இறங்கி, வெள்ளி விடியப் பரிஸுக்கு வந்துவிடும். எங்கள் நாலு பெட்டிக்காக அது தன் நாளை மாற்றுமா?

லாச்சப்பலில் வெள்ளிக்கிழமை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் சைவச் சனம் வெள்ளிக்கிழமை மச்சம் தொடாது. மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. மரக்கறிக் கடையில் கத்தரிக்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் தள்ளுப்படுவார்கள். மீன்கடைப் பக்கம் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போவார்கள். என் மருமகனும் சைவம்தான். மகள் விரும்பிக் கட்டினாள். நானும் மாதாவிடம் பாரத்தைப் போட்டுவிட்டுச் சம்மதித்தேன். தங்கமான பிள்ளை. வெள்ளிக்கிழமை விடிய முழுகி, திருநீறு பூசி, கடைக்கு வந்து மீன் விற்பார். வாயில் மட்டும் வைக்க மாட்டார்.

"விக்கலாம், தின்னக்கூடாதோ?" என்று நான் சீண்டுவேன்.

"கை உழைக்குது மாமி, வாய் விரதம் இருக்குது" என்பார்.

முதல் வெள்ளிக்கிழமை பெட்டி வந்தபோது நண்டுகள் அத்தனையும் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றன. எண்ணெயில் பொரிகிற கடுகு மாதிரிச் சத்தம். யாராவது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு அம்மா வந்தார்.

"ஐயோ, என்ன துடிப்பு! நாளைக்கு வாறன் அக்கா, வைச்சிருங்கோ."

அடுத்து ஒரு தம்பி. "இண்டைக்கு வெள்ளி அம்மா. நாளைக்கு."

எல்லோருக்கும் நாளைக்கு. நாளைக்கு வந்தபோது நண்டுக்குத் துடிப்பு இல்லை. புதன்கிழமையே கடலை விட்டுப் புறப்பட்ட நண்டு சனிக்கிழமை எப்படித் துள்ளும்? விரலால் கண்ணைத் தொட்டால் மெல்ல மடக்கும், அவ்வளவுதான். செத்ததை விற்கக் கூடாது. உயிரோடு இருந்ததைச் சனி விற்றோம், ஞாயிறு பெட்டிகளில் பாதியைக் குப்பையில் போட்டோம். கடற்கரையில் வளர்ந்த நான் ஒவ்வொன்றாக எண்ணி எண்ணித்தான் குப்பையில் போட்டேன்.

மூன்று வெள்ளி இப்படிப் போனது. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், மருமகன் அந்த அயர்லாந்துப் பெண்ணிடம் விசயத்தைச் சொல்லவே இல்லை. அவர் ஒவ்வொரு முறையும், "வெள்ளிக்கிழமைக்குச் சரியாக வந்துவிட்டதா? உங்களுக்கு நல்ல வியாபாரம் இருக்குமே!" என்று சந்தோசமாகக் கேட்பாராம். மீன் நாளில் மீன் கிடைக்கச் செய்துவிட்டேன் என்று அவருக்குப் பெருமை. இவர் "ஓம், ஓம், நல்ல வியாபாரம்" என்று சொல்லிவிடுவார். எங்கள் ஆட்களுக்கு ஒருவர் ஆசையாகச் செய்ததை வேண்டாமென்று சொல்ல வாய் வராது. வயிறு வெடித்தாலும் இன்னொரு அகப்பை சோறு போடுங்கோ என்போம்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை மகள் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, எவ்வளவு நாளைக்கு நண்டைக் குப்பையிலை போடுறது? நிப்பாட்டச் சொல்லுங்கோ."

"நண்டை நிப்பாட்டினால் கடையிலை வேறை என்ன கிடக்கு?"

"அப்ப கடையையும் சேத்து யோசிப்பம்."

நான் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நாலாய் வெட்டச் சொன்ன மீனை எட்டாய் வெட்டிவிட்டேன்.

மருமகன் தொலைபேசியை எடுத்தார். இன்றோடு போதும் என்று சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. அவர் வாய் திறக்கும் முன் அந்தப் பக்கத்தில் பேச்சுத் தொடங்கிவிட்டது. இவர் கேட்டுக்கொண்டே நின்றார். "ஓ" என்றார். பிறகு மெல்ல, "ஐயாம் சொறி" என்றார். அது எனக்கும் விளங்குகிற ஆங்கிலம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு "தாங்க்யூ, தாங்க்யூ" என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு ஐஸ் பெட்டியில் சாய்ந்து நின்றார்.

"என்னவாம்?" என்றாள் மகள்.

"அவவின்ரை தமையன்ரை பெரிய படகை உடைக்கக் குடுத்திட்டினமாம். பிரித்தானியாக்காரர் போனாப் பிறகு பெரிய படகுகளுக்குப் பிடிக்கிற பங்கு குறைஞ்சு போச்சாம். காசைத் தாறம், படகைத் தா எண்டு அரசாங்கம் கேட்டதாம். குடுத்திட்டினம். கரையிலை வைச்சு உடைக்கேக்கை அவ போய்ப் பாத்தவவாம்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். படகு உடைகிற சத்தம் எனக்குத் தெரியும். மரமென்றாலும் இரும்பென்றாலும் அது ஒரே சத்தம்தான்.

"இவையின்ரை சின்னப் படகு நண்டுக்குப் போறதாலை தப்பி நிக்குதாம். பரிஸுக்கு வாற பெட்டிதான் பெரிய உதவி எண்டு சொல்லுறா" என்றார் மருமகன்.

"அதுக்கேன் தாங்க்யூ சொன்னியள்?"

மருமகன் தலையில் கை வைத்தார். "தவக்காலம் தொடங்கிட்டுதாம். வெள்ளிக்கிழமையிலை ஆரும் இறைச்சி தின்னாயினமாம். எங்களுக்கு நல்லா ஓடும் எண்டு, கேக்காமலே இரட்டிப்பாய் ஏத்திவிட்டாவாம். எட்டுப் பெட்டி. லொறி இப்ப கப்பலிலை நிக்குது."

மகள் கதிரையில் இருந்துவிட்டாள். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாத நேரத்தில் வருகிற சிரிப்பு. அடக்க அடக்கக் குலுங்கியது.

"மாமி, ஏன் சிரிக்கிறியள்?"

"தம்பி, நேற்று நான் நெத்தியிலை சாம்பல் பூசிக்கொண்டு வரேக்கை பாத்தனீங்கள்தானே? தவக்காலம் ஆற்றை?"

அவர் என் நெற்றியைப் பார்த்தார்.

"எங்கடை! வெள்ளிக்கிழமை உங்களுக்குத்தான் மச்சம் ஆகாது. எங்களுக்குச் சுத்தபோசனம். இறைச்சிதான் இல்லை, மீன் உண்டு. இந்தப் பரிஸிலை எத்தினை வேதக்காரத் தமிழர் இருக்கினம்? யாழ்ப்பாணத்தார், மன்னார்க்காரர், புதுச்சேரியார். அவை வெள்ளிக்கிழமை எங்கை மீன் வாங்கினம் எண்டு ஒருநாளும் யோசிச்சனாங்களோ?"

உண்மையில் நானே யோசித்ததில்லை. எனக்கு வீட்டில் மருமகன் கொண்டுவந்து தருவார், சமைப்பேன். மூன்று கிழமை குப்பையில் போடும்போதும் என் தலையில் இது ஏறவில்லை. லாச்சப்பலில் இருந்தால் உலகம் முழுவதும் வெள்ளிக்கிழமை கத்தரிக்காய்தான் தின்கிறது என்று நினைப்பு வந்துவிடும்.

உடனே புதுச்சேரி அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னேன். பரிஸுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் இருக்கிறார். தபால் கந்தோரில் முப்பது வருசம் வேலை செய்து ரெத்ரேத் எடுத்து இப்போது பென்சனில் இருக்கிறவர். எங்கள் தமிழ்க் கோயிலில் பாட்டுக்கு முன்னுக்கு நிற்கிறவர். அவருக்குச் சொன்னால் செய்தித்தாளில் போட்ட மாதிரி.

"என்னக்கா, காலங்காத்தால?"

"செங்கண் நண்டு வருகுது பிள்ளை. நாளைக்கு. உயிரோடை. எட்டுப் பெட்டி."

"நண்டா? உங்க லாச்சப்பல்ல வெள்ளிக்கிழமையா? நாங்க வந்து பாத்தப்பல்லாம் கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருந்தீங்களே. அதான் நாங்க அந்தப் பக்கமே வர்றதில்ல. மெர்சி, மாதாம்னு பிரெஞ்சுக்காரன் கடையிலயே வாங்கிடறோம்."

"இனி வாங்கோ. உங்கடை ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. சிலுவைப்பாதைக்கு வாற வழியிலை வாங்கலாம்."

"கழுவித் தருவீங்களா?"

"நான் இருக்கிறன்தானே!"

இப்படி வாய் விட்டிருக்கக் கூடாது. அடுத்த நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு ஆர்ஜொந்தெய் ரயிலில் வந்து இறங்கி, மெத்ரோ மாறி, ஒரு ஊர்வலமே வந்தது. புதுச்சேரி அம்மா முன்னால். பின்னால் மூன்று அக்காமார், இரண்டு அண்ணன்மார், ஒரு ஐயா கைத்தடியோடு. அதற்குப் பின் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். யார் யாருக்குச் சொன்னார்களோ தெரியாது. கடை வாசலிலிருந்து நாலு கடை தள்ளியுள்ள சலூன் வரை வரிசை நின்றது. பக்கத்து மரக்கறிக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணை, வெள்ளிக்கிழமையிலை உங்கடை கடையிலை சனம்? ஆரும் செத்துப் போச்சினமோ?" என்று மருமகனிடம் கேட்டார்.

புதுச்சேரி அம்மா ஒரு நண்டைத் தூக்கித் திருப்பி, வயிற்றை அமுக்கிப் பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, அமுக்க வேண்டிய இடம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"சதை இருக்குது. ஆனா சின்னதா இருக்குதேக்கா."

"நாளைக்குக் குழம்பு சின்னனாய் இருந்தால் வந்து கேளுங்கோ."

"எங்க வீட்டுல இதுக்கு ரசம் வைப்போம். மிளகு தட்டிப் போட்டு."

"ரசமோ? இதுக்கு முருங்கையிலை போட்டுக் குழம்பு வைக்கவேணும். தேங்காய்ப்பால் கடைசியிலை."

"முருங்கைக்கீரையா? நண்டுக்கா? மோன் தியூ!"

வரிசையில் நின்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ரசத்துக்கும் குழம்புக்கும் சண்டை பிடித்தார்கள். நான் இரண்டு பெட்டி துப்புரவாக்கினேன். மகள் ஒரு பெட்டி. மருமகனும் திருநீற்றோடு நின்று ஓடு உரித்தார். அப்படியும் நேரம் போதவில்லை. ஐந்து மணிக்குக் கோயிலில் சிலுவைப்பாதைச் செபம், பதினாலு தலம். "வேணாங்க்கா, உயிரோடயே குடுங்க, வீட்டுல போயி பாத்துக்கறோம்" என்று கடதாசிப் பைகளில் போட்டுக்கொண்டு எல்லோரும் கோயிலுக்கு ஓடினோம்.

இங்கேதான் பிழை நடந்தது. ஈரக் கடதாசிப் பையில் உயிர் நண்டை எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. சந்தோசத்தில் மறந்துவிட்டேன். பைகளை நாங்கள் இருக்கிற பின் வாங்குகளுக்குக் கீழே வரிசையாக வைத்துவிட்டு முழந்தாளில் நின்றோம். முதலாம் தலம், இரண்டாம் தலம். பின்னால் சரசரவென்று சத்தம். செபம் சொல்லிக்கொண்டிருந்த சுவாமி நிமிர்ந்து பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். மூன்றாம் தலத்தில் எல்லோரும் மௌனமாக இருக்கும்போது, ஒரு செங்கண்ணன் நடுப்பாதையில் பக்கவாட்டாக நடந்து, சுவாமியின் சப்பாத்துக்கு முன்னால் போய்க் கொடுக்கைத் தூக்கி நின்றது.

சுவாமி யாழ்ப்பாணத்தவர். புத்தகத்தை மூடினார்.

"ஆற்றை நண்டு இது?"

நான் எழும்பிப் போய், பின்னாலிருந்து இரண்டு விரலால் ஓட்டைப் பிடித்துத் தூக்கினேன். "என்ரை மருமோன்ரை கடை நண்டு, சுவாமி."

"அம்மா, தவக்காலம் எண்டால் வாயைக் கட்டுறது. நண்டு தின்னுறதோ தவம்?"

"இறைச்சி இல்லைத்தானே, சுவாமி?"

"இறைச்சி இல்லை. தவமும் இல்லை."

பின்னாலிருந்து புதுச்சேரி அம்மாவின் குரல் வந்தது. "அந்த ஓட்ட ஒடச்சு சதைய எடுக்கறதே பெரிய தவந்தான், ஃபாதர்."

கோயில் முழுவதும் சிரித்தது. சுவாமியும் புத்தகத்தால் முகத்தை மறைத்தார். தோள் குலுங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. மிச்சத் தலங்களை நாங்கள் மிகவும் பக்தியாக முடித்தோம். ஞாயிறு பூசை முடிவில், அறிவித்தல் வாசிக்கும்போது, "லாச்சப்பலிலை வெள்ளிக்கிழமையிலை உயிர் நண்டு வாங்கிறவை அதைக் கோயிலுக்குள்ளை கொண்டுவரவேண்டாம், வெளியிலை வாளி வைச்சிருக்கிறம்" என்று சுவாமி சொன்னார். அதுவரைக்கும் எங்கள் கடையைத் தெரியாதவர்கள்கூட அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள். காசு கொடுத்து இப்படி விளம்பரம் போட முடியுமா?

தவக்காலம் முழுவதும் எட்டுப் பெட்டியும் வந்தது, போனது. குப்பை வாளி காய்ந்து கிடந்தது. ஆனால் மருமகனுக்கு நித்திரை இல்லை.

"உயிர்த்த ஞாயிறு முடிஞ்சால் உங்கடை ஆக்கள் இறைச்சிக் கடைக்குப் போயிடுவினம் மாமி. பிறகு திரும்ப என்ரை வெள்ளிதான். அதுக்குப் பிறகு பெட்டி போகாட்டில் நான் அவவுக்கு உண்மையைச் சொல்லி நிப்பாட்டத்தான் வேணும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உயிர்த்த ஞாயிறுப் பெருநாள் முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை நான் எட்டரைக்கே வந்து இருந்துவிட்டேன். எட்டுப் பெட்டி. சாக்கைத் தூக்கினேன். கொடுக்குகள் எழும்பின. ஒன்பது மணி. பத்து மணி. மரக்கறிக் கடையில் முருங்கைக்காய்க்கு அடிபாடு. எங்கள் வாசலில் ஒரு புறா. மருமகன் தொலைபேசியைக் கையில் எடுத்து, வைத்து, எடுத்து, வைத்தார். நான் மூன்று நண்டைத் துப்புரவாக்கி, வேலை இல்லாமல் நாலாவதோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்குப் புதுச்சேரி அம்மா வந்தார். தனியாக.

நான் முக்காலியிலிருந்து எழும்பினேன். "மற்றாக்கள் எங்கை பிள்ளை?"

"மெத்ரோவில நிக்கிறாங்க. லிஃப்ட் வேல செய்யல. ஐயா தடியூனிக்கிட்டு ஒவ்வொரு படியா ஏறி வர்றாரு. ஏன், என்ன மூஞ்சி இது?"

"தவக்காலம் முடிஞ்சுது. நீங்கள் வரமாட்டியள் எண்டு..."

"தவக்காலம் முடிஞ்சா நாக்கும் முடிஞ்சுடுமாக்கா? எங்க வீட்டுல இப்ப வெள்ளின்னாலே நண்டு ரசந்தான். மகன் வேலையிலேர்ந்து சீக்கிரம் வந்துடறான்."

"குழம்பு இல்லையோ?"

"ஒரு தடவ முருங்கக்கீர போட்டுப் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, வேறு பக்கம் பார்த்தார். "தப்பில்ல."

மூன்று மணிக்கு ஏழு பெட்டி முடிந்தது. அப்போது எங்கள் சைவ அம்மா ஒருவர் மரக்கறிப் பையோடு எட்டிப் பார்த்தார்.

"நாளைக்கு வாறன் அக்கா, இரண்டு கிலோ வைச்சிருங்கோ."

"நாளைக்குக் கிடக்குமோ தெரியாது."

"என்னது? வேதக்காரருக்கு மட்டுமோ கடை? நாங்கள் இவ்வளவு காலம் வாங்கின ஆக்கள்!" என்று மருமகனைப் பார்த்தார். "தம்பி, நீர் எங்கடை ஆள்தானே? எங்களுக்குச் சனிக்கிழமைக்கு நண்டு வேணும்."

மருமகன் அப்போதுதான் தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார். ஆங்கிலத்தில் முழுவதையும் ஒப்புக்கொண்டார். தான் சைவம் என்பது, வெள்ளிக்கிழமை தன் ஆட்கள் மீன் தொடமாட்டார்கள் என்பது, மூன்று கிழமை நண்டைக் குப்பையில் போட்டது, தவக்காலத்து இரட்டிப்பைக் கேட்டுத் தலையில் கை வைத்தது, பிறகு மாமியும் மாமியின் கோயிலும், கடைசியில் சனிக்கிழமைக்கும் உயிர் நண்டு வேண்டும் என்பதும். நடுவில் மகள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கத்தில் கடற்காகம் கத்துகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. மூச்சு வாங்கி, இருமி, மறுபடி சிரித்தார். கடைக்குள் நின்ற எல்லோரும் காரணம் விளங்காமலே சிரித்தார்கள்.

"உங்களோடை கதைக்கவேணுமாம் அம்மா" என்றாள் மகள்.

"எனக்கு இங்கிலீசு தெரியாதே!"

"பரவாயில்லையாம்."

மேசைக்குப் பக்கத்தில் குனிந்து, "வணக்கம் பிள்ளை" என்றேன். அவர் என்னவோ சொன்னார். நான், "உங்கடை நண்டு நல்ல நண்டு, நிலவுக்கு முந்திப் பிடிச்சால் இன்னும் சதை இருக்கும்" என்றேன். அவர் நீட்டி என்னவோ சொன்னார். நான், "அண்ணர் எப்பிடி இருக்கிறார்? கடலுக்குப் போகாமல் இருக்க விடாதேங்கோ, உங்கடை படகிலை ஏத்துங்கோ" என்றேன். மகள் இடையில் புகப் பார்த்தாள். நான் கையால் மறித்தேன். இரண்டு பேரும் அவரவர் பாசையில் நல்ல நேரம் கதைத்தோம். கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சொல்லி முடிந்தது.

அதற்குப் பிறகுதான் மகளை மொழிபெயர்க்க விட்டேன். லொறி வருகிற நாளை மாற்ற முடியாதாம். ஆனால் பெட்டிகளை இரண்டு விதமாக அடுக்கலாமாம். வெள்ளிக்கிழமை விற்கிறதற்குச் சாக்குப் போதும். சனிக்கிழமைக்கு என்றால், வீட்டுக்கு முன்னால் கிடக்கிற கடற்பாசியை வெட்டி, நண்டுக்கு இடையில் அடர்த்தியாக வைத்தால், குளிர்பெட்டியில் இன்னொரு நாள் துடிப்போடு இருக்குமாம். அண்ணர் இப்போது அவர்களோடுதான் படகில் போகிறாராம். பாசி வெட்ட அவர் இருக்கிறாராம்.

"முதலே சொல்லியிருந்தால் முதலே செய்திருப்பனே எண்டு உங்களுக்குப் பேச்சு விழுந்திருக்கு" என்று மகள் புருசனிடம் சொன்னாள். அவர் காதில் விழாத மாதிரி ஐஸ் அள்ளினார்.

அடுத்த வெள்ளி விடிய லொறி வந்தது. சாரதி பன்னிரண்டு பெட்டி இறக்கினார். எட்டுக்கு மேலே சாக்கு. நாலிலிருந்து பச்சைப் பாசி விளிம்பால் வெளியே தொங்கியது. கடை முழுக்கக் கடல் மணம். மருமகன் பாசிப் பெட்டிகளைத் தூக்கிக் குளிர்பெட்டிக்குள் வைத்து, கதவைச் சாத்தி, நாளை வரை யாரும் திறக்கக் கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அதைத் திறக்க எங்கே நேரம்? வாசலில் வரிசை சலூனைத் தாண்டிவிட்டது. முன்னால் நின்ற ஐயா கைத்தடியால் தரையைத் தட்டி, "சீக்கிரம் ஆகட்டும்மா, ரயிலுக்குப் போவணும்" என்றார். நான் கத்தியை எடுத்தேன்.